பழைய இயங்குதளங்களுக்கான ஒட்டுவேலைகளை நீக்குவது துரோகமல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் அறிவியல் பகுதியில் அண்மையில் வெளியான கட்டுரையொன்று, கம்பைலர் எனப்படும் தொகுப்பிகளைப் பராமரிப்போர் பழைய இயங்குதளங்களுக்கான ஆதரவை ஒவ்வொன்றாக விலக்கிக்கொள்வது பயனர்களுக்குச் செய்யும் துரோகம் என்றது. ஏற்கெனவே எழுதப்பட்டு ஓடிக்கொண்டிருக்கும் சில வரிகளை அப்படியே விட்டுவைப்பதால் யாருக்கும் ஒரு செலவும் இல்லை என்றும் அதில் எழுதப்பட்டிருந்தது. தொகுப்பி ஒன்றின் மூலநிரலைப் பராமரிக்கும் குழுவில் பல ஆண்டுகளாக வேலை செய்பவன் என்ற முறையில், முதல் கருத்திலுள்ள ஆதங்கத்தை நான் மதிக்கிறேன். இரண்டாவது கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை. விட்டுவைப்பதற்குச் செலவு உண்டு. அந்தச் செலவை எங்கள் குழு மூன்று வாரம் உட்கார்ந்து கட்டியிருக்கிறது.

தொகுப்பி என்பது மனிதர் எழுதும் நிரலைக் கணினி நேரடியாக இயக்கக்கூடிய வடிவத்துக்கு மாற்றித் தரும் மென்பொருள். மொழியின் இலக்கணத்தைச் சரிபார்ப்பதோடு அதன் வேலை முடிந்துவிடுவதில்லை. அது கோப்புகளைத் திறக்க வேண்டும், இடைக்காலக் கோப்புகளை எழுத வேண்டும், பிற மென்பொருள்களை அழைக்க வேண்டும். அதனுடன் சேர்ந்து வரும் நிரலகமோ (பிற நிரல்கள் பயன்படுத்திக்கொள்ளும் ஆயத்த நிரல்களின் தொகுப்பு) நினைவகம், நேரம், பூட்டுகள் என்று எதைப் பெறுவதானாலும் இயங்குதளத்திடம் கேட்டுத்தான் பெற வேண்டும். இயங்குதளத்தின் ஒரு பதிப்பில் ஒரு வசதி இல்லை, அல்லது இருந்தும் பிழையாக இருக்கிறது என்றால், தொகுப்பியை எழுதுபவர் அந்தப் பதிப்புக்கு மட்டும் சுற்றுவழி ஒன்றை எழுதிவைப்பார். அலுவலகப் பேச்சில் இதை ஒர்க்அரவுண்ட் என்போம். இக்கடிதத்தில் ஒட்டுவேலை என்று குறிப்பிடுகிறேன். அச்சொல்லில் இழிவு ஏதும் இல்லை. எழுதப்பட்ட நாளில் அது தேவையான வேலை, பல நேரங்களில் மிகவும் திறமையான வேலையும்கூட. அதற்குக் காரணமாயிருந்த இயங்குதளம் போன பிறகும் அது மட்டும் நின்றுகொண்டிருப்பதுதான் சிக்கல்.

எங்கள் குழுவில் நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் தொகுப்பி ஒரு கோப்பைத் தொகுத்து முடித்ததும், விளைவை முதலில் தற்காலிகப் பெயரில் எழுதிவிட்டுப் பிறகு உரிய பெயருக்கு மாற்றும். அதே பெயரில் பழைய கோப்பு இருந்தால், அதன் இடத்தில் புதியதை வைப்பதற்கு விண்டோஸில் மூவ்ஃபைல்-இஎக்ஸ் என்ற அழைப்பு, அதாவது இயங்குதளத்திடம் நிரல் விடுக்கும் கோரிக்கை, உண்டு. விண்டோஸ் 95, 98, எம்இ ஆகிய மூன்றிலும் அந்த அழைப்பு வேலை செய்யாது. ஆகவே அந்தக் காலத்தில் எழுதியவர், பழைய கோப்பை முதலில் அழித்துவிட்டு, அதன் பிறகு புதியதன் பெயரை மாற்றும் தனிவழி ஒன்றை அமைத்திருந்தார். எந்த வழியில் போவது என்று தீர்மானிக்கும் நிபந்தனை அதற்கு மேல் இருந்தது: பதிப்பின் முதல் எண் 5 அல்லது அதற்கு மேல், இரண்டாம் எண் 1 அல்லது அதற்கு மேல், இரண்டும் பொருந்தினால் புதிய வழி, இல்லையென்றால் பழைய வழி. விண்டோஸ் எக்ஸ்பியின் உள்பதிப்பு எண் 5.1. எக்ஸ்பியும் அதற்குப் பின் வந்தவையும் என்பதைத்தான் அவர் அப்படி எழுத நினைத்தார்.

வாசகர்கள் அந்த நிபந்தனையை ஒருமுறை நின்று பார்க்க வேண்டுகிறேன். எக்ஸ்பிக்குப் பின் வந்த விஸ்டாவின் எண் 6.0. முதல் எண் 6 என்பதால் முதல் பாதி பொருந்துகிறது. இரண்டாம் எண் 0 என்பதால் அடுத்த பாதி பொருந்தவில்லை. ஆக, விஸ்டாவை எங்கள் தொகுப்பி எக்ஸ்பிக்கும் முந்தையதாகவே எடுத்துக்கொண்டது. எங்கள் பயனர்களில் விஸ்டா வைத்திருந்தவர்கள் மிகக் குறைவு என்பதால் அது வெளியே தெரியவில்லை. விண்டோஸ் 7-இன் எண் 6.1, 8-இன் எண் 6.2, 8.1-இன் எண் 6.3, இவையெல்லாம் தற்செயலாகத் தேறிவிட்டன. விண்டோஸ் 10-இன் எண் 10.0. அதிலும் பிழை உடனே வெளிவரவில்லை. ஏனென்றால், புதிய பதிப்பை அறிந்து எழுதப்பட்டது என்று மேனிஃபெஸ்ட் எனப்படும் தன் விவரக் குறிப்பில் அறிவிக்காத மென்பொருள் எதுவும் பதிப்பு எண்ணைக் கேட்டால், 8.1 முதற்கொண்டு விண்டோஸ் 6.2 என்றே பதில் சொல்லும். அந்த மேனிஃபெஸ்ட்டில், வேறு ஏதோ ஒரு தேவைக்காக, விண்டோஸ் 10-க்கான வரியை ஒரு நாள் சேர்த்தோம். அன்று முதல் விண்டோஸ் உண்மையான எண்ணைச் சொல்லத் தொடங்கியது. 98-க்காக எழுதப்பட்ட வழி புத்தம்புதிய இயந்திரங்களில் விழித்துக்கொண்டது.

கோப்பை அழிப்பதற்கும் பெயர் மாற்றுவதற்கும் நடுவே, அந்தப் பெயரில் கோப்பே இல்லாத ஒரு கணம் இருக்கிறது. ஒரே நேரத்தில் பல தொகுப்பு வேலைகள் ஓடும்போது அவற்றில் ஒன்று சரியாக அந்தக் கணத்தில் கோப்பைத் தேடினால், கோப்பு இல்லை என்று சொல்லி நின்றுவிடும். மறுபடி ஓட்டினால் ஓடிவிடும். சில நாள் ஒருமுறைகூட வராது, சில நாள் காலையிலேயே இரண்டு முறை வரும். வட்டைச் சந்தேகப்பட்டோம், வைரஸ் தடுப்பு மென்பொருளைச் சந்தேகப்பட்டோம், பிழையை அறிவித்த பயனர்களின் இயந்திரங்களையும் சந்தேகப்பட்டோம் என்பதை வருத்தத்துடன் ஒப்புக்கொள்கிறேன். கடைசியில், குழுவில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருவர் அந்த நிபந்தனையை வாய்விட்டு எண் எண்ணாகப் படித்தபோதுதான் விளங்கியது. அதன் தலைமாட்டிலேயே ஒரு குறிப்பும் இருந்தது: இது தற்காலிகம், 98-ஐ ஆதரிப்பதை நிறுத்தியதும் நீக்கவும் என்று. விண்டோஸ் 98-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2006 ஜூலையிலேயே முடித்துக்கொண்டது. எழுதியவர் தன் கடமையைச் செய்துவிட்டுத்தான் போயிருக்கிறார். பின்னால் வந்த நாங்கள்தான் செய்யவில்லை.

நிபந்தனையைச் சரியாகத் திருத்தியிருந்தால் போதாதா, எதற்கு அந்த வழியையே நீக்க வேண்டும் என்று அப்போது எங்களுக்குள்ளேயே கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதற்கு விடை தேடப்போன இடத்தில்தான் எனக்கு உண்மை உறைத்தது. எங்களிடம் 98 ஓடும் இயந்திரம் ஒன்றுகூட இல்லை. தானியங்கிச் சோதனைகளிலும் அது இல்லை. அதைவிட முக்கியமாக, எங்கள் தொகுப்பியின் வேறு பகுதிகள் 98-இல் இல்லாத அழைப்புகளை எப்போதோ பயன்படுத்தத் தொடங்கிவிட்டன. ஆகவே இன்றைய தொகுப்பி 98-இல் தொடங்கவே தொடங்காது. ஆதரவு என்றோ போய்விட்டது, அதன் தோற்றம் மட்டும் மிஞ்சியிருந்தது. தங்கள் கட்டுரையாளர் காப்பாற்றச் சொல்லும் வரிகள் பெரும்பாலும் இத்தகையவைதான். பழைய இயந்திரம் வைத்திருப்பவருக்கு அவற்றால் எந்த நன்மையும் இல்லை, புதிய இயந்திரம் வைத்திருப்பவருக்கு மட்டும் தீங்கு உண்டு. அன்று 38 வரிகளை நீக்கினோம். பிழையும் அவற்றோடு போயிற்று.

லினக்ஸிலும் இதே கதைக்கு இன்னொரு முகம் உண்டு. ஒரு நிரல் மற்றொரு நிரலைத் தொடங்கும்போது, தான் திறந்து வைத்திருக்கும் கோப்புகளும் அதன் கைக்குப் போய்விடும். போகக் கூடாது என்றால், அந்தக் கோப்பின் மீது க்ளோஸ்-ஆன்-எக்செக் என்ற குறியை இட வேண்டும். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின், 2007-இல் வந்த 2.6.23 பதிப்புக்கு முன்பு இதை இரண்டு படிகளில்தான் செய்ய முடியும்: முதலில் கோப்பைத் திறப்பது, அதன் பிறகு குறியை இடுவது. அந்த இரண்டு படிகளுக்கும் நடுவே அதே நிரலுக்குள் இணையாக ஓடும் வேறோர் இழை புதிய நிரல் ஒன்றைத் தொடங்கிவிட்டால், குறியிடப்படாத கோப்பு கைமாறிப் போகும். அதில் கடவுச்சொல் இருந்தால் அதுவும் சேர்ந்தே போகும். 2.6.23 முதல், திறக்கும்போதே குறியையும் சேர்த்துக் கேட்கலாம். ஆனால் அதற்கு முந்தைய கெர்னல்கள் அந்தக் கோரிக்கையைப் பிழை என்று மறுப்பதும் இல்லை; தமக்குத் தெரியாததைப் பேசாமல் கடந்துபோய்விடும். அதனால், பழைய கெர்னலையும் ஆதரிக்க வேண்டிய நிரலகம், திறக்கும்போதும் கேட்டுவிட்டு, உண்மையில் குறி விழுந்ததா என்று தெரியாததால், இரண்டாவது படியையும் செய்தாக வேண்டும். என்றோ ஓய்ந்துபோன ஒரு கெர்னலுக்காக, இன்றைய இயந்திரத்தில் திறக்கும் கோப்புக்கெல்லாம் தேவையில்லாத ஓர் அழைப்பு! செலவே இல்லை என்று எழுதியவர் இதை எந்தக் கணக்கில் வைப்பார் என்று அறிய விரும்புகிறேன்.

எழுத்துகளைக் கணினியில் குறிக்கும் குறிமுறைகளின் விஷயமும் இப்படித்தான். விண்டோஸ் 95, 98 வரிசையில் யூனிகோட் பெயர்களை ஏற்கும் அழைப்புகள் பெரும்பாலும் பெயருக்குத்தான் இருந்தன; அழைத்தால் தோல்வி என்றே திரும்பும். அந்தக் காலத்தை ஒட்டி எழுதப்பட்ட மென்பொருள்கள் ஒவ்வோர் அழைப்பையும் யூனிகோட் வழி, பழைய குறிமுறை வழி என்று இரண்டாக எழுதிவைத்தன. கோப்புப் பெயர்களுக்கு அந்தப் பழைய வழி பயன்படுத்தும் குறிமுறைப் பக்கம் என்று தமிழுக்கு விண்டோஸில் ஒன்று இருந்ததே இல்லை, யூனிகோட் மட்டும்தான். ஆகவே, தவறிப்போய்ப் பழைய வழியில் விழும் ஒரு தொகுப்பியால் தமிழில் பெயரிட்ட கோப்பைத் திறக்கவே முடியாது. லத்தீன் எழுத்தில் பெயர் வைப்பவருக்கு அப்படி ஒரு கோளாறு இருப்பதே தெரியவராது.

இந்தச் சுமை எவ்வளவு பழமையானது என்பதற்கு, 1987-இல் ரிச்சர்ட் ஸ்டால்மனால் வெளியிடப்பட்டு இன்றும் வளர்ந்துவரும் ஜிசிசி தொகுப்பியைப் பார்க்கலாம். ஃபிக்ஸ்இன்க்ளூட்ஸ் என்று அதில் ஒரு பகுதி உண்டு. அக்காலத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனி யூனிக்ஸ் விற்றுவந்தது. அவற்றோடு வந்த, நிரல்கள் தம்முள் சேர்த்துக்கொள்ளும் தலைப்புக் கோப்புகள் பலவற்றில் சி மொழியின் தரத்துக்கு ஒவ்வாத பிழைகள் இருந்தன. பயனருக்கு அந்தக் கோப்புகளைத் திருத்தும் உரிமையும் இருக்காது. ஆகவே ஜிசிசி தன்னை நிறுவிக்கொள்ளும்போதே அவற்றைத் தேடிப் படித்து, திருத்திய படிகளைத் தனியே ஓர் அடைவில் வைத்துக்கொள்ளும். அந்த நாளில் இது பெரிய உபகாரம். ஆனால் படியெடுத்த பிறகு இயங்குதளம் தன் கோப்பைப் புதுப்பித்தால், தொகுப்பி பழைய படியையே படித்துக்கொண்டிருக்கும். பிழையைத் திருத்த வந்த ஏற்பாடே புதிய பிழைக்கு வாசலாகிவிடுகிறது. எத்தனை திருத்தங்கள் இன்றைக்கும் தேவைப்படுகின்றன என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக் கழிப்பது, புதிய வசதி எழுதுவதைவிடச் சலிப்பான, ஆனால் அதைவிடக் குறைவில்லாத வேலை என்பது என் கருத்து.

கட்டுரை சொல்வதுபோல் இதெல்லாம் ஒரே நாளில், யாரும் அறியாமல் நடப்பதும் இல்லை. ஜிசிசியில் ஓர் இயங்குதளத்தை விலக்குவதென்றால், முதலில் ஒரு பதிப்பில் அது வழக்கொழிந்தது என்று அறிவிக்கப்படும். அந்தப் பதிப்பைத் தனி விருப்பத்தேர்வு கொடுத்தால் மட்டுமே அந்த இயங்குதளத்துக்காகக் கட்டமைக்க முடியும். எதிர்ப்போ பொறுப்பேற்பாரோ வரவில்லை என்றால் அடுத்த பதிப்பில் நீக்கப்படும். யூனிக்ஸ் வகை இயங்குதளமான சோலாரிஸ் 10 இப்படித்தான் ஜிசிசி 9-இல் அறிவிக்கப்பட்டு, 10-இல் நீக்கப்பட்டது. கோ மொழி 2018-இல் 1.11 பதிப்பில் எக்ஸ்பியையும் விஸ்டாவையும் விட்டது, 1.10 அவற்றில் ஓடும் கடைசிப் பதிப்பு என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் விட்டது. மைக்ரோசாஃப்ட் நிறுவனமே எக்ஸ்பியை 2014 ஏப்ரலில் கைவிட்டிருந்தது. ரஸ்ட் மொழி 2022-இல் 1.64 பதிப்பில் குறைந்தபட்ச லினக்ஸ் கெர்னலை 2.6.32-இலிருந்து 3.2-க்கு உயர்த்தியது, 2024 மே மாதம் 1.78 பதிப்பில் விண்டோஸ் 10-ஐக் குறைந்தபட்சமாக்கியது. விண்டோஸ் 7 வேண்டும் என்போருக்காக, ஆர்வமுள்ளோர் தம் பொறுப்பில் பார்த்துக்கொள்ளும் தனி இலக்கு ஒன்றையும் ரஸ்ட் குழு வைத்திருக்கிறது.

முடிவு மாறிய நிகழ்வும் உண்டு. இன்டலின் இட்டானியம் செயலிக்கான ஆதரவு, இயங்குதளம் அல்லவென்றாலும் அதே விதிக்கு உட்பட்டது. லினக்ஸ் கெர்னல் 2024 ஜனவரியில் வந்த 6.7 பதிப்பில் அதை நீக்கியது; ஜிசிசியும் 14-ஆம் பதிப்பில் வழக்கொழிந்தது என்று அறிவித்தது. ஆனால் பராமரிக்க ஆள் முன்வந்ததால், 15-ஆம் பதிப்பில் அந்த அறிவிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஓட்டிப் பார்க்க இயந்திரமும் பார்த்துக்கொள்ள ஆளும் இருந்தால், வைத்துக்கொள்ள யாரும் மறுப்பதில்லை.

இனி, கட்டுரையாளரின் ஆதங்கத்துக்கு வருகிறேன். ஆய்வுக்கூடக் கருவியோடும் தொழிற்சாலை இயந்திரத்தோடும் பிணைந்துபோன எக்ஸ்பி கணினிகள் உண்டு என்பதும், அவற்றை மாற்ற அவற்றின் உரிமையாளரால் முடியாது என்பதும் உண்மை. அவர்களிடமிருந்து யாரும் எதையும் பறிக்கவில்லை. பழைய தொகுப்பிப் பதிப்புகள் பதிவிறக்கத்துக்கு அப்படியே கிடைக்கின்றன. நீக்கப்பட்ட வரிகளும் மூலநிரலின் வரலாற்றில் யார், எந்த நாளில், என்ன காரணத்தால் நீக்கினார்கள் என்ற குறிப்போடு இருக்கின்றன. அந்த நாளில் அந்த இயந்திரத்தில் சோதிக்கப்பட்ட பழைய பதிப்புதான், இன்றைய சோதிக்கப்படாத பதிப்பைவிட அவர்களுக்கு நம்பகமானது. ஆனால் ஒன்றை மறைக்க மாட்டேன். பிறர் எழுதிய நிரலகங்கள் காலப்போக்கில் புதிய தொகுப்பியைக் கேட்கத் தொடங்கும். பாதுகாப்புத் திருத்தங்களும் பழைய பதிப்புக்கு வராது. சில ஆண்டுகளில் பழைய தொகுப்பியோடு நிற்பவர் மெல்ல மெல்லத் தனித்துவிடுவார். இது மெய்யான இழப்பு. பயன்படாத வரிகளை விட்டுவைப்பதால் இந்த இழப்பில் ஓர் அணுவும் குறையாது என்பது மட்டுமே என் வாதம்.

நீக்குவதையும் கண்ணை மூடிக்கொண்டு செய்துவிட முடியாது. பெயரைப் பார்த்து வெட்டுவதுதான் இதில் பெரிய ஆபத்து. சோலாரிஸ் என்று எழுதியிருக்கும் நிபந்தனையின் கீழ், ஓப்பன்சோலாரிஸிலிருந்து கிளைத்த இல்லுமோஸ் இன்றும் ஓடிக்கொண்டிருக்கலாம். பழைய பதிப்பில் கண்ட பிழை என்று குறிப்பு சொன்னாலும், அதே பிழை புதிய பதிப்பிலும் தொடர்ந்துகொண்டிருக்கலாம். ஆகவே ஒவ்வோர் ஒட்டுவேலையும் எதற்காக வந்தது என்று வரலாற்றில் தேடிக் கண்டுபிடித்த பிறகே கைவைக்க வேண்டும். காரணம் தெரியாததை, தெரியும்வரை தொடக் கூடாது. ஒரு மாற்றத்தில் ஓர் ஒட்டுவேலையை மட்டும் நீக்க வேண்டும். அதோடு கையோடு கையாக வேறு எதையும் சீர்திருத்தக் கூடாது. இந்தக் கடைசி விதியை நாங்களே ஒருமுறை மீறி, நீக்கியதால் வந்த பிழையா, சேர்த்துச் செய்த சீர்திருத்தத்தால் வந்த பிழையா என்று பிரித்தறிய முடியாமல், இரண்டையும் திரும்ப எடுத்துவிட்டு மறுபடி தொடங்கினோம்.

இப்போது எங்கள் குழுவில், ஆதரிக்கும் குறைந்தபட்சப் பதிப்பு எண் மூலநிரலில் ஒரே ஓர் இடத்தில்தான் எழுதப்பட்டிருக்கிறது. புதிதாக எழுதும் ஒட்டுவேலை ஒவ்வொன்றும் தான் எந்தப் பதிப்புவரை தேவை என்பதை அந்த எண்ணோடு ஒப்பிடும் ஒரு வரியைத் தாங்கியிருக்கும். குறைந்தபட்ச எண்ணை நாங்கள் உயர்த்தும் அன்று, காலாவதியான ஒட்டுவேலை இருக்கும் கோப்புகள் தொகுக்கப்படாமல் நின்றுவிடும். அவற்றை நீக்காமல் வேலை மேலே நகராது. வெறும் குறிப்பாக எழுதிவைத்தால் யாரும் படிக்க மாட்டோம் என்பதை 98 எங்களுக்குக் காட்டிவிட்டதால் செய்த ஏற்பாடு இது.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். ஏதேனும் ஒரு தொகுப்பி ஓர் இயங்குதளத்தை விலக்கியது என்ற செய்தியை இனி வெளியிடும்போது, அந்த இயங்குதளத்தில் ஓடும் கடைசிப் பதிப்பு எது, அது எதுவரை பராமரிக்கப்படும் என்ற இரண்டு விவரங்களையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். பழைய இயந்திரத்தின் முன் உட்கார்ந்து தங்கள் நாளிதழைப் படிப்பவருக்கு அன்று மாலையே தேவைப்படக்கூடியவை அவை. அந்தக் கட்டுரையில் இரண்டும் இல்லை.

இப்படிக்கு,
தொகுப்பிப் பராமரிப்பாளர் ஒருவர்